இந்த எண்ணெய் யாரோட உபயம்?

திருத்தணி மலையில் ஏறி, எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கும் ஓர் ஆற்றுப் பயணம்!

வீக் எண்ட் டிரிப்னு பேச்செடுத்தாலே மகாபலிபுரம், பாண்டிச்சேரின்னு அதே பழைய பாட்டைப் பாடுற கும்பல் எல்லா காலேஜிலும் உண்டு. இந்த வாரம் ரூட்டைக் கொஞ்சம் மாத்துவோம் ஃப்ரெண்ட்ஸ். ஆரம்பம் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற திருத்தணி மலை. முடிவு எண்ணூர் கடல். ரெண்டையும் சேர்த்துக் கட்டுற கயிறு, கொசஸ்தலை ஆறு. கூடவே ஒரு கேள்வியையும் பையில் போட்டுக்கோங்க... கடலில் ஒரு கப்பல் எண்ணெயைக் கொட்டினா, அதுக்கு பில் யார் கட்டுறது?

மலைக்கோயிலுக்கும் கப்பல் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? வாங்க, படி ஏறிக்கிட்டே பேசலாம்.

365 படி... எக்கச்சக்க உபயம்!

முருகனின் ஐந்தாம் படைவீடு திருத்தணி. கீழேயிருந்து மேலே போக 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி ஊரே நியூ இயர் கேக் வெட்டிக்கிட்டு இருக்கும்போது இங்கே படித் திருவிழா களை கட்டும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் ஏத்தி, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. ஆடிக் கிருத்திகைக்கு வந்தீங்கன்னா மலை முழுக்கக் காவடிதான். தமிழில் ஒரு அரோகரா, தெலுங்கில் ஒரு வேண்டுதல் என்று ரெண்டு மாநிலமும் ஒரே வரிசையில் நிக்கும்.

நம்ம ஊர்க் கோயில்களில் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் பேர் எழுதிடுவாங்க. ஃபேனில் உபயம், பெஞ்ச்சில் உபயம், டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயம். கிண்டல் பண்றோம்... ஆனா அதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கு. செலவு பண்ணினது யாருன்னு ஊருக்கே தெரியும். இப்படி ஒரு பெயர்ப் பலகையைத்தான் கடற்கரையில் தேடப் போறோம்.

எல்லை மாறும், தண்ணி மாறாது

மேலே நின்னு பார்த்தா சுத்திலும் குன்றுகள், வயல், ஏரி, தூரத்தில் ஆந்திரா. நாடு மொழிவாரியாகப் பிரிந்தபோது திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினாங்க. படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஹிஸ்டரி மேஜர் பசங்களுக்கு இது பழைய பாடம்.

மனுஷன் கோடு போட்டுப் பிரிச்சுக்கிட்டான். தண்ணி அதை எல்லாம் படிக்கலை. ஆந்திரப் பக்கம் அம்மப்பள்ளி அணையைத் திறந்தா, இந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு பொங்கும். மேலே திறக்கிறவங்க ஒரு மாநிலம், கீழே சாமானைத் தூக்கிக்கிட்டு ஓடுறவங்க இன்னொரு மாநிலம். இந்த ‘மேலே, கீழே’ சமாச்சாரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடலிலும் இதே கதைதான்.

ஆறு போற ரூட்

திருத்தணி ஊரை ஒட்டி ஓடுற நந்தியாறு கொசஸ்தலையில் கலக்குது. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினா அந்த உபரி நீரும் இங்கேதான் வரும். கேசாவரம் அணைக்கட்டில் கூவம் தனியாப் பிரியுது. மிச்சம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகுது. சென்னையில் குழாயைத் திறந்து பல்லு தேய்ச்ச ஆளா நீங்க? இந்தத் தண்ணியில் கொஞ்சம் உங்க வாயிலும் பட்டிருக்கும்.

பூண்டியைத் தாண்டினா தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள். அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாயைச் சந்திச்சு, எண்ணூர் முகத்துவாரத்தில் கடல். கிட்டத்தட்ட 136 கிலோமீட்டர் பயணம். திருத்தணியும் காமராஜர் துறைமுகமும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். மேற்கு ஓரத்தில் மலை, கிழக்கு ஓரத்தில் கப்பல்.

ரயிலில் எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் போறதுக்குள்ள ஒரு பாலம் வரும். மொபைலை உள்ளே வெச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்புங்க. ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கி, உயரமான மின்கம்பிக் கோபுரம், சாம்பல் படிஞ்ச சேறு. நடுவில் இடுப்பளவு தண்ணியில் நின்னு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற ஜனங்க. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம்... எல்லாமே இந்த ஆத்து வாயையும் கடலையும் நம்பி இருக்கிற ஊர்கள்.

2017 ஜனவரி 28, விடியற்காலை

மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்சு அஞ்சு நாள்தான் ஆகியிருந்தது. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, நாலு மணி வாக்கில், ரெண்டு கப்பல்கள் மோதின. சரக்கை இறக்கிட்டு வெளியே போன எரிவாயுக் கப்பல் ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ஐல் ஆஃப் மேன் கொடி. பெட்ரோலியப் பொருளோடு உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’, இந்தியக் கப்பல். உயிர்ச்சேதம் இல்லை. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லைன்னு துறைமுகத் தரப்பிலிருந்து முதல் அறிக்கை வந்தது.

கடல் வேற மாதிரி அறிக்கை கொடுத்தது. தார் மாதிரி கறுப்பு எண்ணெய் தெற்கே நகர்ந்து எர்ணாவூர், திருவொற்றியூர், மெரினான்னு வரிசையா ஒதுங்க ஆரம்பிச்சது. ‘ஒண்ணும் இல்லை’ என்பது ‘கொஞ்சம்தான்’ ஆகி, கடைசியில் அரசுக் கணக்கு 250 டன்னைத் தாண்டியது.

எர்ணாவூர் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டின பாறைகளுக்கு நடுவில் எண்ணெய் வந்து மாட்டிக்கிச்சு. உறிஞ்சு எடுக்க வந்த பெரிய மெஷின்கள் அந்தக் கெட்டிக் குழம்பில் திணறின. அப்புறம் நடந்ததை உலகமே டி.வி-யில் பார்த்தது. கையில் பக்கெட், மக்கோட கல்லூரி மாணவர்கள், மீனவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் வரிசையா நின்னு எண்ணெயை அள்ளினாங்க. நிறைய பேருக்கு ஒழுங்கான கையுறைகூட இல்லை.

அள்ள அள்ள ஏன் குறையலை தெரியுமா? கனரக எண்ணெய் கடல் தண்ணியோடு அலையில் அடிபட்டா, ரெண்டும் கலந்து கூழ் மாதிரி உப்பிடும். கொட்டின அளவைப் போல மூணு, நாலு மடங்கு ஆகும். அதனால் அள்ள வேண்டிய கசடு கொட்டின எண்ணெயைவிட அதிகம். கெமிஸ்ட்ரி பசங்க இதை எமல்ஷன்னு படிச்சிருப்பீங்க. இங்கே அதை முழங்கால் ஆழத்தில் நின்னு படிச்சாங்க.

ஊரே பாராட்டுச்சு. பாராட்ட வேண்டியதுதான். ஆனா ஒரு நிமிஷம்... அந்த உழைப்புக்குக் கூலி எவ்வளவு? அந்தச் செலவு எந்தக் கம்பெனியின் கணக்கில் ஏறணும்? இலவசமா நடந்த வேலைக்கு பில் இல்லை. பில் இல்லாத செலவு, செலவாகவே தெரியாது.

பில் யாருக்குப் போகும்?

காமர்ஸ், லா பசங்க மட்டும்தான் இதைப் படிக்கணும்னு இல்லை. விஷயம் சிம்பிள்.

ஒண்ணு... கப்பல் முதலாளி. எண்ணெய் ஏத்திப் போற டேங்கர் கப்பல் எண்ணெயைக் கொட்டினா, தப்பு யார் மேலன்னு நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பெரும்பாலும் முதலாளிதான் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனா ஒரு கொக்கி இருக்கு. கப்பலின் அளவைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு. நஷ்டம் அதைத் தாண்டினாலும் முதலாளி அதுவரைக்கும் கொடுத்தா போதும்.

ரெண்டு... அந்த இன்ஷூரன்ஸ். ‘பி அண்ட் ஐ கிளப்’னு பேரு. கப்பல் முதலாளிகளே சேர்ந்து பணம் போட்டு, ஒருத்தருக்கு அடிபட்டா மத்தவங்க பகிர்ந்துக்கிற சங்கம். இப்படி 12 கிளப்புகள் சேர்ந்து, உலகக் கடல்களில் ஓடுற கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவிகிதத்தைக் காப்பீடு செய்யுது.

மூணு... சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதி. கடல் வழியா வருஷத்துக்கு 1,50,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயோ கனரக எண்ணெயோ இறக்குற நிறுவனங்கள் இதுக்குப் பணம் போடணும். இந்தியாவும் இதில் உறுப்பினர். பைக்குக்கு பெட்ரோல் போடுற நாமும் சுத்தி வளைச்சு ஒரு சின்ன உபயதாரர்தான்!

ஆனா இந்த மூணாவது பை டேங்கர் கப்பலுக்கு மட்டும்தான். கன்டெய்னர், நிலக்கரி ஏத்திப் போற சரக்குக் கப்பல் தன்னோட இன்ஜினுக்கு வெச்சிருக்கிற எண்ணெயைக் கொட்டினா, அந்த நிதி வராது. முதலாளி, இன்ஷூரன்ஸ், உச்சவரம்பு... அத்தோட முடிஞ்சது. மீனுக்கு என்ன தெரியும், இது சரக்கு எண்ணெயா இன்ஜின் எண்ணெயான்னு?

ஐம்பது டாலர் படகும் விஸ்கி சேல்ஸ்மேனும்

இந்த விதிகள் எல்லாம் பிறந்த கதை ஒரு சினிமா. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் ‘டாரி கேன்யன்’ என்ற ராட்சத டேங்கர் பாறையில் ஏறியது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய். கொடி லைபீரியா. அமெரிக்க நீதிமன்றத்தில் முதலாளி தரப்பு, விபத்துக்குப் பிறகு கப்பலில் மிஞ்சினதோட மதிப்புதான் எங்க பொறுப்புன்னு வாதாடிச்சு. மிஞ்சினது ஒரே ஒரு உயிர்காப்புப் படகு. மதிப்பு 50 டாலர்!

பிரிட்டன் என்ன பண்ணிச்சு? அதே முதலாளிகளின் இன்னொரு கப்பலைத் தேடிச்சு. அது சிங்கப்பூர் வந்தப்போ ஒரு இளம் வக்கீல் ஏறி, பாய்மரத்தில் கோர்ட் உத்தரவை ஒட்டிட்டு இறங்கிட்டார். அவரை விஸ்கி விக்க வந்த சேல்ஸ்மேன்னு நெனச்சு கப்பல்காரங்க உள்ளே விட்டதா சொல்லுவாங்க. கடைசியில் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் சேர்த்து 30 லட்சம் பவுண்ட் வந்தது. 1969-ல் எண்ணெய் மாசுக்கான முதல் சர்வதேசப் பொறுப்பு ஒப்பந்தமும் வந்தது.

பக்கத்து வீட்டுக் கணக்குகள்

அந்த சிங்கப்பூர் டெக்னிக் நம்ம பக்கமும் வந்தாச்சு. 2025 மே 25-ம் தேதி கேரளக் கடலில் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியது. அதுக்கும் லைபீரியக் கொடிதான். 24 பேரும் காப்பாத்தப்பட்டாங்க. ஆனா உள்ளே 360 டன்னுக்கு மேல் ஃபர்னஸ் ஆயில், 600-க்கு மேற்பட்ட கன்டெய்னர்கள். அதிலிருந்து சிதறின பிளாஸ்டிக் குருணை நம்ம கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்தது.

கேரள அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கேட்ட இழப்பீடு ரூ.9,531 கோடி. மூழ்கின கப்பலைப் பிடிக்க முடியாது. விழிஞ்ஞத்துக்கு வந்த ‘எம்.எஸ்.சி. அகிடெட்டா 2’ என்ற வேறொரு கப்பலை ஜூலை மாதம் சிறைபிடிக்க கோர்ட் உத்தரவு போட்டது. பிறகு கப்பலை விடுவிக்க ரூ.1,227.62 கோடி பிணை என்று நிர்ணயம் ஆனது. அந்த 9,531 கோடியில் சுற்றுச்சூழல் பாதிப்புக்கு 8,626 கோடி, சீரமைப்புக்கு 378 கோடி, மீனவர் இழப்புக்கு 526 கோடி. கோரிக்கையிலேயே மீனவர் பங்கு இவ்வளவுதான்!

இலங்கைக் கதை இன்னும் கசப்பு. 2021-ல் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ தீப்பிடிச்சு மூழ்கியது. லண்டன் நீதிமன்றம் 2023-ல் முதலாளியின் உச்சவரம்பு 1.9 கோடி பவுண்ட் என்றது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் கட்டுன்னு தீர்ப்பு சொன்னது. கட்ட மாட்டோம்னு கம்பெனித் தரப்பு சொல்லிடுச்சு. ஒரே கப்பல், ரெண்டு கோர்ட், ரெண்டு விலை!

கப்பலே இல்லாம ஒரு கசிவு

எண்ணூருக்கே திரும்புவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இந்தத் தடவை எண்ணெய் கடலிலிருந்து வரலை. மணலியில் உள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு வெளியேறியதுன்னு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் எண்ணெயில் தோய்ந்து நின்றன. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்திலும் கறுப்புக் கோடு.

பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மாநில அரசு ரூ.8.68 கோடி நிவாரணம் அறிவிச்சது. வாழ்வாதாரம் இழந்த 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500. 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000. மத்த 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500.

கால்குலேட்டரை எடுங்க. மூணு மாசம் வலை இறங்கலைன்னா, 12,500 ரூபாய் ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்? 139 ரூபாய். வீட்டில் நாலு பேர் இருந்தா ஆளுக்கு 35 ரூபாய். உங்க கேன்டீனில் அதுக்கு என்ன கிடைக்கும்னு நீங்களே சொல்லுங்க.

அரசு கொடுத்தது நிவாரணம். அதாவது மக்கள் வரிப்பணம். மாசு பண்ணினவர் கொடுக்க வேண்டியது இழப்பீடு. முதல் வகை சீக்கிரம் வரும், சின்னதா வரும். ரெண்டாவது வகை கோர்ட் படி ஏறி இறங்கி வரும். அது 365 படியில் முடியறது இல்லை.

எழுதாத கணக்கு

‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமா பதிஞ்சது எங்கேன்னு நெனைக்கிறீங்க? இதே வட்டாரத்தில். பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்ட மனுஷனுக்கு மட்டுமில்லை, கெட்டுப் போன மண்ணையும் தண்ணியையும் பழையபடி ஆக்குற செலவும் மாசு பண்ணினவர் தலையில்தான். திருத்தணியிலிருந்து பஸ் பிடிச்சா போயிடற தூரத்தில் பிறந்த வழக்கு இது.

சட்டம் இருக்கு. தீர்ப்பு இருக்கு. அப்புறம் எங்கே சிக்கல்? ஆதாரத்தில்!

இழப்பீடு கேக்கிறவர் மூணு விஷயம் காட்டணும். நஷ்டம் நடந்தது. இவ்வளவு நடந்தது. இந்த எண்ணெயால்தான் நடந்தது. துறைமுகத்துக்கு இது ஈஸி. எத்தனை இழுவைக் கப்பல், எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் டீசல், எல்லாத்துக்கும் ரசீது உண்டு. ஃபைபர் படகில் போற மீனவருக்கு? கரையிலேயே ஏலம். டீசல் காசைக் கழிச்சுட்டு படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. எல்லாம் கையோடு கை. கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவா விக்கிற அம்மாவுக்கு? எண்ணெய் படாத நல்ல மீனையும் அந்த மாசம் சென்னையில் யாரும் வாங்கலைன்னா, அந்த நஷ்டத்தை எந்தப் பேப்பரில் காட்டுவாங்க? சேத்துக்குள்ள கை விட்டு இறால் பிடிக்கிறவருக்குப் படகே கிடையாது. படகு எண்ணிக் கொடுக்கிற லிஸ்ட்டில் அவர் வரவே மாட்டார்.

எழுதி வெச்சவங்களுக்குத்தான் காசு. எழுதாதவங்க நஷ்டம் அவங்களோடயே போயிடுது. மேலே கொட்டினவர் ஒருத்தர், கீழே சுமக்கிறவர் இன்னொருத்தர்னு பள்ளிப்பட்டு வெள்ளத்தில் பார்த்த அதே கதை.

இங்கேதான் நம்ம வேலை ஆரம்பிக்குது. பக்கெட் தூக்குறது எண்ணெய் வந்த பிறகு. நோட்டு தூக்குறது எண்ணெய் வர்றதுக்கு முன்னாடி. ஜூவாலஜி படிக்கிறவங்க புராஜெக்ட்டுக்கு முகத்துவாரத்தின் இறால், நண்டு வகையை மாசா மாசம் பதிவு பண்ணலாம். எகனாமிக்ஸ் பசங்க நாலு குப்பத்தில் தினசரிப் பாடு எவ்வளவு, ஏல விலை என்ன, கூடைக்காரம்மாவுக்கு மிஞ்சினது எவ்வளவுன்னு எழுதலாம். லா ஸ்டூடன்ட்ஸ் லீகல் எய்டு கேம்ப்பில் கோரிக்கை மனு எப்படிப் போடணும்னு சொல்லித் தரலாம். என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு வருஷா வருஷம் வேற ஊர் தேடாம, ஒரே குப்பத்துக்கு அஞ்சு வருஷம் போனா போதும். நாளைக்கு ஒரு கப்பல் மோதினா, ‘முன்னாடி இங்கே என்ன இருந்தது?’ன்னு கோர்ட் கேக்கும்போது, நீட்டுறதுக்கு ஒரு நோட்டு இருக்கும்.

1958-ம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலா 2025-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேத்தியிருக்கு. சட்டத்தில் என்ன எழுதினாலும், கரையில் எழுதின கணக்கு இல்லாம அது வேலை செய்யாது.

எப்படிப் போகலாம்?

சென்னை சென்ட்ரலில் இருந்து திருத்தணிக்கு மின்சார ரயில் உண்டு, தூரம் 85 கிலோமீட்டர் வாக்கில். காலையில் சீக்கிரம் கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள படி ஏறிடுங்க. கீழே நந்தியாற்றங்கரை வீரட்டேஸ்வரர் கோயிலையும் பாருங்க. எண்ணூருக்கு மறுநாள் போறது நல்லது. சென்ட்ரல் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிச்சு எண்ணூரில் இறங்கலாம், ஒரு ஸ்டேஷன் தாண்டினா பாலத்தையும் பார்த்துடலாம். குப்பத்துக்குள்ள போகும்போது கேமராவை உடனே தூக்காதீங்க. முதல்ல ஒரு வணக்கம், ஒரு டீ. அப்புறம் மெதுவா, ‘அண்ணே, இன்னிக்குப் பாடு எப்படி?’ன்னு கேளுங்க. பதில் வந்ததும், தேதி போட்டு எழுதிக்கோங்க.